மாடி வீட்டு அத்தையும் பதில் சொல்லாத பொண்ணும்

மாடி வீட்டு அத்தையிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்த மனிதர் ராயபுரத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பாதி வரைக்கும் விடுவாள், மீதி அவளுடையது. "மழை வரும்போல..." என்று நாம் ஆரம்பித்தால், "வரட்டும், துணியெல்லாம் எடுத்துட்டேன், உங்கம்மா எடுத்துட்டாளா, நீ சாப்ட்டியா?" என்று அவளே முடித்துவிடுவாள். மழையைப் பற்றி நாம் சொல்ல வந்தது என்னவென்று நமக்கே மறந்து போகும்.

சொந்த அத்தை இல்லை. நாங்கள் கீழ் வீட்டில் குடியிருந்தோம், அவள் மாடியில். அப்பாவை அண்ணா என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கும் தம்பிக்கும் அத்தை. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சாம்பார் ஊற்றும் வேலை. தட்டோடு வந்து நிற்கிற ஆளிடமும் "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பாள். "சாப்புடத்தானேக்கா வந்து நிக்கிறோம்" என்றால், "காலைல சாப்ட்டியான்னு கேட்டேன்" என்பாள். பதில் வராமல் கரண்டி சாயாது. ஆனாலும் அவளுடைய வரிசையில்தான் கூட்டம் அதிகம் என்று அங்கே வேலை பார்த்த எங்கள் தெருக்காரர்கள் சொல்வார்கள்.

அவள் புருஷன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலையில் இருந்தார். பரம சாது, பேச்சு மெதுவாகத்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் ஒரு விஷயத்தையும் சொல்லி முடித்ததில்லை என்று அம்மா பரிதாபப்படுவாள். அவருக்கு முக்கியமாக ஏதாவது சொல்ல இருந்தால் கீழே இறங்கி வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார். அப்பா அதை மாடிக்கு எடுத்துப் போய், பாதியில் வெட்டுப்பட்டுத் திரும்பி வருவார்.

மாதா கோயிலில்கூட அவளை அடக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கத்தின் நடுவே சாமியார் குரலை இறக்கி, கண்ணை மூடி, "சகோதர சகோதரிகளே, ஒவ்வொரு நாளும் விடிந்ததும் நாம் எதைத் தேடி ஓடுகிறோம்?" என்று கேட்டு நிறுத்தினார். உருக்கமான இடம். பெண்கள் வரிசையிலிருந்து அத்தை, "பஸ்ஸத் தேடித்தான் ஃபாதர்" என்றாள். பீடத்தில் உதவிக்கு நின்ற பையன்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கேள்வி இல்லமே. சும்மா கேக்குறது."

"பதில் வேணாம்னா எதுக்குக் கேக்குறாரு? ஒருத்தரே பேசிகினு இருந்தா அதுக்குப் பேரு பேச்சா? அது ரேடியோ."

அது அவளுடைய சித்தாந்தம். பேச்சு என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சொல்லும்போதே இன்னொருவர் உள்ளே புகுந்தால்தான் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். குறுக்கே பேசுவதை அவள் மரியாதைக் குறைவாக நினைக்கவே இல்லை. பேசவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் அவளுக்கு அவமரியாதை.

அந்தக் கணக்கில் அவளுக்கு ஒரே ஒரு ஜென்ம விரோதி இருந்தாள். ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் பேசுகிற பெண். தினமும் எண்ணூருக்கு லோக்கல் வண்டி பிடிக்கப் போவாள் அத்தை. மேலே இருந்து, "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று தேன் குரல் ஒன்று சொல்லும். அத்தை அண்ணாந்து பார்த்து, "வருந்தறது இருக்கட்டும்மா. எவ்ளோ நேரம் ஆவும், அதச் சொல்லு" என்பாள். குரல் மறுபடியும் வருந்தும். "கேக்குறேன் இல்ல?" என்பாள் அத்தை. எதிர்ப்பக்க வண்டிக்காகப் பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். நான் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், சேலையெல்லாம் கஞ்சி போட்டுக் கட்டுவேன்.

"அத்தை, அது ரெக்கார்டு. அங்க யாரும் இல்ல."

"ரெக்கார்டா இருந்தா இன்னா? ஒருத்தி வாயத் தொறந்து பேசினதுதானே? வாய் கீது, காது இல்லியா அவளுக்கு?"

வண்டி வரும்வரை அத்தையும் அந்தக் குரலும் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஜெயிப்பது எப்போதும் அந்தக் குரல்தான். அந்த ஆற்றாமை அத்தைக்கு உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம்தான் அப்பா துறைமுகத்தில் ஓய்வு பெற்றார். வந்த பணம் முழுவதும் பாங்கில் கிடந்தது. தம்பிக்குக் கப்பல் வேலைக்கான பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அந்தப் பணத்திலிருந்து டிராஃப்ட் எடுத்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தம்பி தெருவெல்லாம் கப்பல் நடை நடந்துகொண்டிருந்தான். அத்தை அவனை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "நைனா, கப்பல்ல சோறு இன்னா போடுவானுங்களோ" என்பதுதான் அவளுக்குக் கவலை.

அதற்கு முந்தின சனிக்கிழமை எனக்கு லீவு. தம்பி கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். சமையல் ஆகிக்கொண்டிருக்கும் நேரம். அப்பாவின் செல்போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், முகம் வெளுத்தது. எனக்கும் கேட்கட்டும் என்று லவுட்ஸ்பீக்கரைப் போட்டார்.

பெண் குரல். அழகான, பதற்றமே இல்லாத குரல். "அன்பான வாடிக்கையாளரே, இது உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு. உங்கள் கார்டைப் பயன்படுத்தி இப்போது வெளியூரில் ஒரு பெரிய தொகை எடுக்கப்படுகிறது. அதைத் தடுத்து நிறுத்த, உங்கள் கார்டு எண்ணை அழுத்தவும்."

பெரிய தொகை என்ற சொல் போதும். அப்பா என்னைப் பார்த்து, "கார்ட எடு" என்றார். நான் பீரோவிலிருந்து கார்டை எடுத்து வந்து எண்ணைப் படித்தேன், அவர் அழுத்தினார். மோசடியைத் தடுக்கிற பிரிவே மோசடி செய்யும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் குரல் நன்றி சொன்னது. "இப்போது உங்கள் நான்கு இலக்க ரகசிய எண்ணை அழுத்தவும்" என்றது.

அப்பா முதல் எண்ணை அழுத்தியபோது அத்தை உள்ளே வந்தாள். கையில் கிண்ணம். வீட்டில் வாய்க்கு ருசியாக எதைச் செய்தாலும் கீழே ஒரு கிண்ணம் வரும். அன்றைக்கு நெத்திலிக் குழம்பு.

"இன்னா, சாவு வூட்ல குந்திகினு கீறா மாதிரி கீறீங்க?"

"சும்மா இரும்மா. பாங்க்லேர்ந்து பேசுறாங்க, பணம் போய்கினே கீது" என்றார் அப்பா.

பாங்கிலிருந்து ஒரு பெண் பேசுகிறாள், இந்த வீட்டில் யாரும் அவளுக்குப் பதில் சொல்லாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். அத்தைக்குத் தாங்கவில்லை. அப்பாவின் கையிலிருந்து போனை லாகவமாக உருவிக்கொண்டாள்.

"அலோ. யாரும்மா நீ?"

"நான்கு இலக்க ரகசிய எண்ணை அழுத்தவும்" என்றது குரல்.

"அழுத்தலாம், இரு. உன் பேர் இன்னா?"

"நான்கு இலக்க ரகசிய எண்ணை அழுத்தவும்."

"சரி, பேரு வேணாம். சாப்ட்டியா?"

"உங்கள் பதிவு கிடைக்கவில்லை. தாமதித்தால் உங்கள் கணக்கு முடக்கப்படும்."

அத்தை போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு தரம் பார்த்தாள். அவள் கேட்டது சாப்ட்டியா என்று. வாடகை பாக்கி கேட்டு வருகிற வீட்டுக்காரர்கூட அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்.

"ஏம்மா, ஒருத்தி சாப்ட்டியான்னு கேட்டா ஆமான்னு சொல்லு, இல்லன்னு சொல்லு. அது இன்னா கணக்கு முடக்கப்படும்? யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

"தங்கச்சி, குடும்மா" என்று அப்பா எழுந்தார். அத்தை ஒரு அடி பின்னால் போனாள். "இருண்ணா. இவ பதில் சொல்லட்டும், அப்பால அழுத்திக்கலாம்." அப்பா மேஜையைச் சுற்றி வந்தார், அவளும் சுற்றினாள். கிண்ணத்துக் குழம்பு தளும்பியது. நான் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் ஓடினேன். அம்மா கரண்டியோடு வந்து, என்னவென்றே தெரியாமல் அவளும் ஓடினாள். அத்தை வாசலைத் தாண்டி மாடிப்படியில் ஏறிவிட்டாள். முழங்கால் வலிக்கார அப்பா கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டார். மேலே இருந்து குரல் ரகசிய எண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அத்தை அதோடு கத்திக்கொண்டே இருக்கிறாள். "ஸ்டேஷன்ல ஒருத்தி கீறா, அவ தங்கச்சியா நீ? உங்க வூட்ல யாருக்குமே காது கேக்காதா? வையி போன" என்று அவளே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அப்பா படியில் உட்கார்ந்தார். "போச்சு. புள்ள படிப்பு போச்சு" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு அத்தையின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை, அவளை இரண்டு அறை விட்டால் தேவலை என்று இருந்தது.

அத்தைக்கும் முகம் தொங்கிவிட்டது. ஆனால் அவளால் சும்மா இருக்க முடியாதே. "பாங்க் இன்னா அமெரிக்காவுலயா கீது? வாங்க, நேராப் போயி கேப்போம்" என்றாள்.

சனிக்கிழமை பாங்க் அரை நாள்தான். ஆட்டோ கிடைக்கவில்லை. காசிமேட்டில் ஐஸ் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை அத்தை குறுக்கே நின்று மறித்தாள். அந்த ஈரப் பலகை மேல் அப்பா, அவருக்கு எதிரே அத்தை, பக்கத்தில் அவசரத்தில் சுற்றிய கஞ்சிச் சேலையோடு நான். அவள் மடியில் குழம்புக் கிண்ணம், எங்கேயும் வைத்துவிட்டு வர அவளுக்குத் தோன்றவில்லை. தெருவில் கேட்டவருக்கெல்லாம், "பாங்க்ல ஒரு பொண்ணு, மரியாதையே இல்ல, கேக்கத்தான் போறோம்" என்று வண்டியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். பணம் போன கவலையில் அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதித்த பையன் மட்டும் வழியெல்லாம் சிரித்தான்.

பாங்க் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அத்தை குனிந்து நுழைந்தாள், நாங்கள் பின்னால் நுழைந்தோம். கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர் எழுந்து வந்தார்.

"சார், உங்க ஆபீஸ்ல போன் பேசுற பொண்ண மொதல்ல வேலைய விட்டுத் தூக்கு."

"எந்தப் பொண்ணும்மா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. உடனே கம்ப்யூட்டரில் கணக்கைப் பார்த்தார், கார்டை நிறுத்தினார், அப்பாவை உட்காரவைத்தார். "பணம் அப்படியே இருக்கு சார், ஒரு ரூபா போகல" என்றார். அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

"நாங்க யாரும் போன் பண்ணல. பாங்க்ல இருந்து ரகசிய எண்ண யாருமே..."

"யாருமே பதில் சொல்ல மாட்டீங்களா?" என்றாள் அத்தை.

"கேக்கவே மாட்டோம்மா. ரெக்கார்ட் பண்ணின குரல வெச்சு ஏமாத்துறாங்க. உங்களுக்குச் சந்தேகம்னா போன வெச்சுட்டு, கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு நீங்களே..."

"அப்போ அது பொண்ணே இல்லியா?"

"இல்லம்மா. வெறும் மெஷின். நீங்க மட்டும் போனப் பிடுங்கலேன்னா இந்நேரம் மொத்தப் பணமும்..."

அவரையும் முடிக்கவிடவில்லை. பாராட்டைக்கூட அவள் பாதியில் வெட்டினாள். "அப்போ நான் சாப்ட்டியான்னு கேட்டது யாருக்குமே கேக்கலியா? ஒருத்தரும் இல்லாத எடத்துலயா சார் அவ்ளோ நேரம் கத்திகினு இருந்தேன்?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே வருத்தம். கண்ணில் தண்ணீர் நின்றது. பணம் பிழைத்ததெல்லாம் அவள் மனசில் ஏறவே இல்லை. அப்பா அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, அங்கேயே ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "எனக்குக் கேட்டுச்சு தங்கச்சி. இன்னும் சாப்புடல. இப்போ சாப்புடுறேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அறைய நினைத்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை டிராஃப்ட் எடுத்தோம். தம்பி சேர்ந்தான்.

விஷயம் கேன்டீன் வழியாக எண்ணூர் முழுக்கப் பரவியது. சாம்பார் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அத்தை கதையைச் சொல்ல, அதற்கப்புறம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யார் போன் செய்தாலும் முதல் வேலையாக "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பதில் வந்தால் ஆள், வராவிட்டால் கட். பாங்கில் நம்பர் கேட்கவே மாட்டார்கள் என்று அந்த ஆபீசர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "அத்தை, நாளைக்கு ஒரு ஆளே பேசி ஏமாத்துவான். சாப்ட்டேன்னு சொல்லிட்டு நம்பரும் கேப்பான்."

"கேட்டா குடுத்துருவனா? வூட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணி குடுப்பேன். பீரோ சாவியா குடுப்பேன்?"

ஒரு நாள் நிஜமாகவே ஒரு பெண் கடன் வேண்டுமா என்று கூப்பிட்டாள். அத்தை கேள்வியைக் கேட்டாள். அந்தப் பக்கமிருந்து, "இல்ல மேடம், இன்னும் சாப்பிடல" என்று ஒரு சோர்ந்த குரல். அவ்வளவுதான், கடன் மறந்தது. அந்தப் பெண்ணின் ஊர், ஹாஸ்டல், சாம்பாரில் உப்பு இல்லாத கதை எல்லாம் ஸ்பீக்கரில் எங்கள் வீட்டுக்குள் ஓடியது. வைத்ததும், "பாரு, இது பொண்ணு" என்றாள் அத்தை.

அடிபட்டது அவள் புருஷன்தான். மெதுவாகப் பேசுகிற மனுஷர் ஒரு மழை நாளில் யார்டிலிருந்து குடை கேட்டுப் போன் செய்தார். "சாப்ட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள், மெஷின் என்று கட் பண்ணிவிட்டாள். நனைந்துகொண்டே நடந்து வந்தார் பாவம். படியேறும்போது அப்பாவைப் பார்த்து, "சாப்ட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி பயிற்சி முடித்துக் கப்பல் ஏறினான். பல நாள் தகவல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. நடுக்கடலிலிருந்து அவன்தான். அம்மா வாங்கி அழுதாள், அழுதாள், அழுதுகொண்டே இருந்தாள். அவன் குரல் மட்டும் ஸ்பீக்கரில், "போன் கார்டு தீந்துரும்மா, அத்தைகிட்ட குடு" என்றது.

அத்தை போனைப் பிடுங்கினாள். "நைனா, சாப்ட்டியா?"

பதில் இல்லை. அவள் முகம் மாறியது. "மெஷின்" என்று சொல்லி, டக்கென்று கட் பண்ணிவிட்டாள்.

அம்மா போட்ட கூச்சலில் தெருவே திரும்பியது. நான்தான் அத்தையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அத்தை, கப்பல்ல இருக்கிறது சாட்டிலைட் போனு, அவன் குரல் வானத்துக்குப் போயி சுத்திகினு வரணும். கேட்டுட்டு சும்மா இரு. கொஞ்சம் லேட்டாத்தான் பதில் வரும்."

"சும்மாவா? எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மூச்சு விடு. வாயத் தொறக்காத."

போன் மறுபடி அடித்தது. அத்தை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நாங்கள் அவளையே பார்த்தோம். ஒரு மூச்சு விட்டாள். கண் பிதுங்கியது. இன்னொரு மூச்சு. என் ஆயுசில் அவள் ஒருத்தருக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"சாப்ட்டேன் அத்தை. மீனுதான், ஆனா உன் கொழம்பு மாதிரி வரல. நீ சாப்ட்டியா?"

முழு வாக்கியம். முதலிலிருந்து கடைசி வரை. தலைப்பை எடுத்தாள், பேச வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. தாடை மட்டும் ஆடியது. அவ்வளவு தூரத்திலிருந்து தம்பி, "அலோ... அத்தை... இன்னா, பதிலே காணோம்? மெஷினா?" என்றான்.

"யாரடா மெஷின்னு சொன்ன" என்று பிய்த்துக்கொண்டு கிளம்பியது பாருங்கள். திட்டினாள், அழுதாள், உப்புத் தண்ணியில் குளிக்காதே என்றாள், ஸ்வெட்டர் போடச் சொன்னாள், யார் என்ன சொன்னாலும் எந்த நம்பரையும் அழுத்தாதே என்றாள், சாப்ட்டியா என்று மறுபடியும் இரண்டு தரம் கேட்டாள். நடுவிலேயே அவன் கார்டு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது. எங்களுக்கெல்லாம் தெரிந்தது. அத்தை பேசிக்கொண்டே இருந்தாள், நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை.